உட்கார முடியாத கில்ஜா

தென்கொரியாவில் ஜேச்சோன் நகரத்துப் பள்ளி ஒன்றின் சமையற்கூடத்தில் பாங் கில்ஜா இருபத்தாறு வருடம் வேலை பார்த்தாள். நானூறு பிள்ளைகளுக்குச் சோறும் சூப்பும் ஆக்குகிற வேளையில் கால்களைப் பற்றி அவளுக்கு நினைப்பே வராது. தொல்லையெல்லாம் உட்கார்ந்த பிறகுதான். பொழுது சாய்ந்து வீட்டில் காலை நீட்டினால், கெண்டைக்காலுக்குள் ஏதோ ஊர்வதுபோல இருக்கும். வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. எழுந்து நடந்தால் அடங்கும். உட்கார்ந்தால் மறுபடி ஆரம்பிக்கும்.

இதை என்னவென்று ஒருவரிடம் சொல்வது? அவள் சொல்லவில்லை. கணவர் தே மன்ஷிக் லாரி ஓட்டுபவர், விடியுமுன் கிளம்ப வேண்டியவர். அவர் தூக்கம் கெட வேண்டாமென்று தன் படுக்கையைப் பக்கத்து அறைக்கு மாற்றிக்கொண்டாள். அவரும் காரணம் கேட்கவில்லை. ஒரே ஒரு தடவை, அறுவடைத் திருநாளன்று இரண்டு கிண்ணம் அரிசிக் கள் உள்ளே போனபின், "எம்பக்கத்துல பத்து நிமிஷம் இருக்கறதுகூட உனக்குக் கசக்குது, இல்ல?" என்றார். அவள் சிரித்து மழுப்பிவிட்டாள்.

மன்ஷிக்குக்கு ஈரலில் புற்றுநோய் வந்தது. ஆஸ்பத்திரியில் துணைக்கு இருப்பவர்களுக்கென்று கட்டிலோரம் போட்டிருந்த தாழ்ந்த பலகையில் அவளால் படுக்க முடியவில்லை. தூக்கம் வரட்டுமென்று மருந்துக்கடையில் அலர்ஜி மாத்திரை வாங்கி விழுங்கினாள். கால்கள் இன்னும் மோசமாயின. ஒரு சாயங்காலம் அவர் கையை நீட்டி, "கொஞ்சம் உக்காரேன்" என்றார். உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். பல்லைக் கடித்துப் பார்த்தாள். ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. இதோ வந்துவிடுகிறேன் என்று அறைக்கு வெளியே தாழ்வாரத்துக்குப் போனாள். இரண்டு சுற்று நடந்து திரும்பியபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள்.

சாவுக்கு வந்தவர்கள் அந்த ஊர் வழக்கப்படி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்க, அவள் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். மன்ஷிக்கின் தங்கை மால்சுன் குரலை உயர்த்தாமலே சொன்னாள்: "எங்கண்ணன் உசிரோட இருந்தப்பவும் நீங்க பக்கத்துல உக்காரல. இன்னிக்காவது உக்காரலாமே, அண்ணி."

கில்ஜா காலிக் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு மறுபடி உள்ளே நடந்தாள்.

அடுத்த வசந்தத்தில் இடுப்புப் பிடிப்புக்காக நாட்டு வைத்தியசாலைக்குப் போனாள். ஊசிகளைக் குத்தி அசையாமல் படுக்கச் சொன்னதும் கால்கள் துடித்தன. வைத்தியர் சோக் ஹேரின் அவளைவிட இருபது வயது இளையவள். கடிந்துகொள்ளாமல், ஊசிகளை எடுத்துவிட்டு நிதானமாகக் கேட்டாள். சாயங்காலம் அதிகமாகுமா, சும்மா இருந்தால்தான் வருமா, நடந்தால் போகுமா? எல்லாவற்றுக்கும் கில்ஜா தலையாட்டினாள்.

"இதுக்குப் பேர் இருக்கும்மா. ஓயாத கால் நோய்னு சொல்லுவோம். நிறைய பேருக்கு இருக்கு."

நாடி பார்த்தாள். கெண்டைக்காலில் ஊசியும், மூலிகையை எரித்துக் காட்டும் சூடும், பியோனிப் பூச்செடியின் வேரும் அதிமதுரமும் காய்ச்சிய கஷாயமும் கொடுத்தாள். இது மட்டும் போதாது, பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதியுங்கள் என்று சீட்டும் எழுதினாள். உடம்பில் இரும்புச்சத்து வற்றிப்போயிருந்தது. அங்கே இரும்பு மருந்து கொடுத்து, அவள் இன்னமும் விழுங்கிவந்த அலர்ஜி மாத்திரை காலை மோசமாக்கும் என்று அதை நிறுத்தச் சொன்னார்கள். நாலு மாதத்தில் முக்கால்வாசி அடங்கியது.

"முன்னாடியே வந்திருந்தா அவர் பக்கத்துல உக்காந்திருக்க முடிஞ்சிருக்குமா?" என்று கேட்டாள் கில்ஜா.

ஹேரின் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். "முடிஞ்சிருக்கலாம்மா" என்றாள்.

அன்று மாலை கில்ஜா மால்சுனுக்குப் போன் போட்டு நோயின் பெயரைச் சொன்னாள். அந்தப் பக்கம் அழும் சத்தம் கேட்டது.

"அண்ணனுக்கு இத இப்ப யாரு சொல்றது, அண்ணி?"

பிறகு இருவரும் பேசவில்லை. போனையும் வைக்கவில்லை.