ஒருமுறை மட்டும் கூப்பிட்ட குரல்

அன்பர்களே, சனிக்கிழமை தவறாமல் நம் நாமக்கல் ஆஞ்சநேயரைக் கும்பிட வருகிறவன்தான் நான். ஆனால் நேற்றுவரை, மூன்று வருடமாக அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை. பாதத்தை மட்டும் பார்த்துக் கும்பிட்டுவிட்டு நழுவிவிடுவேன். அது ஏன் என்று இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். வரும் வைகாசியில் என் தங்கை பாவாயியும் நானும் இமயமலைக்கு நடைப் பயணம் கிளம்புகிறோம். அதற்கு முன் இதை இறக்கி வைக்காமல் போனால் என் கால் நகராது.

மூன்று வருடத்துக்கு முன், ஆடிப் பதினெட்டுக்கு, பாவாயியின் புருஷன் செங்கோடனும் நானும் கொல்லிமலை ஏறினோம். மேலே ஈசுவரன் கோயிலுக்குப் போவதாக நேர்ச்சை. பாதி வழியில் வெள்ளைப் புகை மாதிரி மஞ்சு இறங்கியது. நீட்டிய கை தெரியவில்லை. செங்கோடன் காலில் முள் ஏறிவிட்டது.

"நீங்க போங்க மச்சான். பின்னாலயே வாரேன்" என்று உட்கார்ந்தான்.

நான் நடந்தேன். கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து "மச்சான்" என்று ஒரு குரல் வந்தது. ஒரே ஒருமுறை.

நம் பக்கத்தில் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். ஆளில்லாத காட்டில் ஒருமுறை கூப்பிட்டால் வாய் திறக்கக் கூடாது. மனுசன் என்றால் மூன்று முறை கூப்பிடுவான், பேய்தான் ஒருமுறையோடு நிறுத்தும் என்பார்கள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது குரலுக்குக் காத்திருந்தேன். அது வரவில்லை. பேயை ஏமாற்றிவிட்டேன் என்று மனதுக்குள் சந்தோஷம்கூடப் பட்டுக்கொண்டு மேலே நடந்தேன். அதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

நான்காம் நாள் மலைக்காரர்கள் அவன் உடலைப் பள்ளத்திலிருந்து எடுத்து வந்தார்கள். கேட்டவர்களிடமெல்லாம் சத்தமே கேட்கவில்லை என்று சொன்னேன். பாவாயியிடமும் அதையேதான் சொன்னேன்.

அதற்குப் பிறகு அந்தக் குரல் என்னை விடவில்லை. நிலக்கடலைக் காட்டில் நிற்கும்போது வரும். சந்தையில் அத்தனை கூட்டத்துக்கு நடுவில் வரும். மார்கழியில் பனி விலகும்வரை நான் வாசற்படி தாண்டியதில்லை. ஆஞ்சநேயா, இதை நிறுத்து என்று மட்டும்தான் வேண்டினேன். உண்மையைச் சொல்லத் தைரியம் கொடு என்று ஒருநாளும் வேண்டவில்லை.

போன ஐப்பசியில் பாவாயி வந்தாள்.

"அண்ணா, அவரு கனவுல வாராருங்க. ஈரத் துணியோட வாசல்லயே நிக்கறாரு. ஊட்டுக்குள்ள வாங்கன்னா வரமாட்டேங்கறாரு. இமயமலையில இருக்கற பத்ரிக் கோயில்ல போயிப் பிண்டம் வெச்சாத்தான் அவருக்கு அமைதின்னு சொல்றாங்க. என்னையக் கூட்டிட்டுப் போறீங்களா?"

எந்த முகத்தோடு மறுப்பேன்? சரி அம்மிணி என்றேன்.

பள்ளிபாளையத்தில் ஒரு நூல் வியாபாரி பத்ரிக்குப் போய் வந்தவர். இந்த வருடமும் எட்டுப் பேரோடு போகிறார். அவரிடம் போய் உட்கார்ந்தோம். ரிஷிகேசம்வரை இரயில், மோட்டார் போகும் இடம்வரை மோட்டார், அப்புறம் நடைதான். வழி நெடுகத் தங்குவதற்குச் சாவடி உண்டு, அரிசி பருப்பு அங்கேயே கிடைக்கும், பாத்திர மூட்டை கட்டவேண்டாம் என்றார். ஜோசிமடம் என்ற மலை ஊரில் நாலு நாள் தங்கி, நெஞ்சு மலைக்காற்றுக்குப் பழகிய பிறகே மேலே ஏற வேண்டுமாம். கம்பளி இரண்டு, பூண் போட்ட தடி, சுக்கு, வயிற்று மருந்து இருந்தால் போதுமாம்.

"முதல் தரம் போறவங்க அவசரப்படக் கூடாதுங்க. இப்பவே மலை ஏறிப் பழகுங்க" என்றார்.

திருச்செங்கோட்டுப் படிகளில் அரிசி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பழகினோம். பாவாயி முன்னால் போய்விடுவாள். நான் நாய் மாதிரி இரைப்பேன்.

"இமயமலை உங்களுக்காவக் கீழ இறங்கி வரோணுமாட்ட இருக்குதுங்கண்ணா" என்று சிரித்தாள். புருஷன் போனபிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

தை மாதம் வியாபாரி, மஞ்சில் நடந்து பழகாமல் வரவேண்டாம், கொல்லிமலை ஏறுங்கள் என்று சொல்லிவிட்டார். நான் ஆயிரம் சாக்குச் சொன்னேன். பாவாயி கேட்கவில்லை. "அவரு போன வழிய நான் பாக்கோணுங்க" என்றாள்.

அதே வழி. அதே இடத்துக்குக் கொஞ்சம் மேலே மஞ்சு வந்து மூடியது. திரும்பிப் பார்த்தேன். பாவாயி இல்லை.

"பாவாயி" என்று ஒருமுறை கத்தினேன். பதில் இல்லை. மறுமுறை கத்துவதற்குள் இடது பக்கம், பள்ளத்திலிருந்து வந்தது அந்தக் குரல்.

"மச்சான்."

என்னை அப்படிக் கூப்பிட உலகத்தில் ஒருவன்தான் இருந்தான். அவனுக்குக் கொள்ளி வைத்தபோது நானே கூட நின்றவன். பதில் கொடுத்தால் என் உயிர் போய்விடும் என்று நிச்சயமாக நம்பினேன். அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். ஆஞ்சநேயா, அன்றைக்கு வாயை மூடிக்கொண்ட பாவி நான், இன்றைக்காவது என் வாயைத் திற என்று அழுதேன். வேறெதுவும் வேண்டத் தோன்றவில்லை.

வாய் திறந்தது. "வாரேன் மாப்ளே" என்றேன்.

குரல் வந்த பக்கமே தவழ்ந்து இறங்கினேன். பத்தடி போயிருப்பேன். புல் சரிவில் பாவாயி ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். அவள் காலுக்குக் கீழே ஒன்றுமில்லை, வெறும் மஞ்சுதான். தடியை நீட்டி, கையைப் பிடித்து, எப்படியோ மேலே இழுத்துவிட்டேன்.

"நான் கூப்பிட்டது கேக்கலையா அம்மிணி?"

"ஒருக்காத்தான் கேட்டுதுங்க. அதான் பயந்துட்டுப் பேசாம இருந்தேன்." அவளுக்குப் பல் தந்தியடித்தது. "நீங்க யாருகிட்டங்கண்ணா வாரேன்னு சொன்னீங்க?"

அந்தக் குரல் அவளுக்குக் கேட்கவே இல்லை.

அங்கேயே எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று வருடத்துப் பொய்யையும் சொன்னேன். அவள் சேலையில் ஒட்டிய புல்லை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அவரு யாரையும் ரெண்டாந்தடவ கூப்பிட மாட்டாருங்கண்ணா. சோறு போடச் சொல்லிக்கூட என்னைய ஒருக்காத்தான் கூப்பிடுவாரு."

அப்புறம் அழுதாள். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். மறு வாரம் வந்து, கம்பளி வாங்கியாச்சுங்களா என்று கேட்டாள்.

அன்றிலிருந்து அந்தக் குரல் கேட்கவில்லை. நிம்மதிதான். ஆனாலும் பனி விழுகிற காலை வேளையில் வாசலில் போய் நிற்கிறேன். கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கவேண்டும் அல்லவா.

இன்று காலை கூரையில்லாமல் நிற்கிற நம் சாமியின் முகத்தை நிமிர்ந்து பார்த்தேன். கண் கூசவில்லை. அன்பர்களே, உங்களுக்கும் சொல்ல முடியாதது ஏதாவது இருந்தால் அவர் முன்னால் போய் வாய் திறங்கள், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார். எங்கள் கூட்டத்தில் இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது. மலையே ஏறாதவர்களும் வரலாம், மெதுவாகத்தான் போவோம். சட்டம் ஒன்றே ஒன்று. பாவாயி போட்ட சட்டம். மஞ்சில் யார் ஒருமுறை கூப்பிட்டாலும், யார் என்று யோசிக்காமல், உடனே குரல் கொடுக்க வேண்டும்.