விமலா திரும்பிப் போகவில்லை

இந்த ஊரில் தொலைக்காட்சி பார்க்க வேண்டுமென்றால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். கல்யாணமாகி இங்கிலாந்துக்கு, இந்த லீட்ஸுக்கு வந்து இது இரண்டாவது குளிர்காலம். மழைக்கும் அவித்த உருளைக்கிழங்குக்கும் பழகிவிட்டேன், இதற்கு மட்டும் பழகவில்லை. வீட்டுக்காரி மிஸஸ் ஹார்ட்லி வாரம் இரண்டு நாள் சாயங்காலம் தன் தொடர் நாடகத்தைப் பார்க்க என்னையும் கீழே கூப்பிடுவார். டீ கொடுப்பார், பிஸ்கட் கொடுப்பார், பேச விடமாட்டார். போன வாரம் அதில் ஒரு நல்ல பெண் ஒரு தறுதலையைக் கட்டிக்கொண்டாள். மிஸஸ் ஹார்ட்லி கண்ணைத் துடைத்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"கவலைப்படாதீர்கள். சீக்கிரமே இவனை விட்டுவிட்டுத் தையல் கடை வைத்துவிடுவாள்" என்றேன்.

"அப்படியா? பத்திரிகையில் போட்டிருக்கிறதா?"

"இல்லை, நான்தான் சொல்கிறேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதையெல்லாம் நாமாகச் சொல்ல முடியாது, லவ். எழுதினவர்கள் எழுதியதுதான் கதை." இங்கே பஸ் கண்டக்டர்கூட எல்லோரையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவார், அதனால் நான் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் முடியாதாமே! மதுரை ஆனையூரில் ஒன்றரை வருஷமாக நான் வேறென்ன செய்துகொண்டிருந்தேன்?

மதுரைக்கு டி.வி. வந்த புதிதில் அதில் வந்ததெல்லாம் டில்லி இந்திதான். எங்கள் தெருவின் முதல் பெட்டி பேச்சியக்கா வீட்டுக்கு வந்தது. அவர் கணவருக்குக் கப்பலூரில் ஒரு கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலை நாடகத்துக்குத் தெருவே அங்கே கூடிவிடும். நானோ இந்திப் பரீட்சை இரண்டு பாஸ் செய்தவள். பசு பால் தரும், மோகன் சந்தைக்குப் போகிறான், இவ்வளவுதான் என் இந்தி, அதுவும் மனப்பாடம். நாடகத்தில் பசுவும் இல்லை, மோகனும் இல்லை. இருந்தாலும் பாஸ் என்றால் பாஸ்தானே? டி.வி.க்குப் பக்கத்தில் எனக்கென்று ஒரு ஸ்டூல் போட்டார்கள். கால்வாசி புரியும், மிச்சத்தை முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். விமலா என்ற மருமகள்தான் எல்லோருக்கும் உயிர்.

"அந்த மாமியா என்னத்தச் சொல்றா?" என்பார் பேச்சியக்கா.

"காப்பி ஆறிப்போச்சாம்."

"அதுக்கா இம்புட்டு நேரம் கத்துறா?"

"நேத்துக் காப்பியையும் சேர்த்துத்தான்க்கா."

பேச்சியக்காவின் தங்கை செல்வியும் அந்தக் கூட்டத்தில் இருந்தாள். டி. கல்லுப்பட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்த பெண். புருஷன் அடித்ததில் கை ஒடிந்து, கட்டோடு அக்கா வீட்டுக்கு வந்தவள். கட்டுப் பிரித்ததும் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள்; வருகிற புதன்கிழமை புருஷன் வீட்டார் வந்து அழைத்துப்போவது என்று முடிவாயிற்று. செல்வியை யாரும் கேட்கவில்லை. அவளோ, நாடகத்தில் மாமியாரோடு சண்டை போட்டுத் துணிப்பெட்டியோடு வீட்டைவிட்டுப் போயிருந்த விமலாவுக்கு என்ன ஆகிறதென்று மட்டும் வாரா வாரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதனுக்கு முந்தின ஞாயிறன்று அந்த விமலா பெட்டியோடு திரும்பி வந்துவிட்டாள். வந்ததோடு விட்டாளா, நேராக மாமியார் காலில் விழுந்தாள். அதைப் புரிந்துகொள்ள என் இந்தியே போதும். எனக்கு அப்படி ஓர் ஆத்திரம் வந்தது.

"துணிமணிய எடுத்துட்டுப் போக வந்திருக்கா" என்றேன்.

"கால்ல விழுறாளேடி?"

"கும்பிட்டுட்டுச் சொல்றா. இதோட சரி, நான் தையக்கடை வைக்கப் போறேங்கிறா."

மாமியார் விமலாவைத் தூக்கி அணைத்துக்கொண்டு அழுதார். "போகாதடின்னு கெஞ்சுறா" என்றேன். அப்போதுதான் வாசலில் சுப்பையா அண்ணன் நிற்பதைப் பார்த்தேன். பட்டாளத்தில் எட்டு வருஷம் வடக்கே இருந்து, லீவில் வந்திருந்தவர். அவருக்கு இந்தி தண்ணீர் பட்ட பாடு.

பேச்சியக்கா அவரிடமே கேட்டார். "என்னண்ணே, இவ சொல்றது சரிதானா?"

அவர் என்னைப் பார்த்தார், பிறகு செல்வியைப் பார்த்தார். "அம்புட்டும் சரி. வார்த்தைக்கு வார்த்தை சரி."

புதன்கிழமை வேனில் ஆட்கள் வந்தார்கள். செல்வி வாசலுக்கு வந்து, "நான் வரல" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். வேன் திரும்பிப் போனது. அடுத்த மாதமே கப்பலூரில் வேலைக்குச் சேர்ந்தாள். எனக்குச் சந்தோஷம் பாதி, பயம் பாதி. இவள் வாழ்க்கை கோணலாகப் போனால் என்னால்தானே என்று பல நாள் சோறு இறங்கவில்லை. போதாக்குறைக்கு அந்த விமலா வாரா வாரம் மாமியார் வீட்டிலேயே தோசை சுட்டுக்கொண்டிருந்தாள், அதாவது அவர்கள் ஊர் ரொட்டி. "தையக்கடைல இல்லாம இங்க என்ன செய்றா?" என்று கேட்பார்கள். "இது பழசு. அவ கடையில உக்காந்து நினைச்சுப் பாக்குறா" என்பேன். நாடகம் முடியும்வரை விமலா நினைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நேற்று செல்வியிடமிருந்து கடிதம் வந்தது. இப்போது டி.வி.யில் தமிழே வருகிறதாம், ஸ்டூலை எடுத்துவிட்டார்களாம். அதற்குக் கீழே எழுதியிருந்தாள்: "அக்கா, அன்னைக்கு விமலா மன்னிப்புத்தான் கேட்டான்னு எனக்கும் தெரியும். அழுகுற மூஞ்சியப் பார்த்தாத் தெரியாதா? நீங்க சொன்ன கதை நல்லா இருந்துச்சு, அதை எடுத்துக்கிட்டேன். நீங்க, 'இங்க ரொம்பச் சந்தோஷமா இருக்கேன்'னு ஒவ்வொரு தடவையும் எழுதுறீங்களே, அது டி.வி.ல ஓடுன கதையா, நீங்க சொல்ற கதையா?"

கடிதத்தில் என்ன இருக்கிறது என்று மிஸஸ் ஹார்ட்லி கேட்டார். எல்லோரும் நலம், உங்களை விசாரித்திருக்கிறாள் என்று மொழிபெயர்த்தேன். நாடகம் ஆரம்பித்ததும் அவர் உதட்டில் விரலை வைத்தார். நானும் வாயை மூடிக்கொண்டு ஜன்னலில் விழும் பனியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். நான் இப்படி உட்கார்ந்திருக்கும் இதே காட்சி பேச்சியக்கா வீட்டுப் பெட்டியில் ஓடினால் தெரு சும்மா இருக்குமா? "எந்த ஊருடி இது, இவ அங்க என்ன செய்றா?" என்று கேட்பார்கள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து கொஞ்சமும் யோசிக்காமல் சொல்வேன்: "அது சும்மா, அவ நினைச்சுப் பாக்குறது. அவ இங்கதான் இருக்கா."