ஷைனிக்குப் போட்ட மதிப்பெண்

போன வாரம் புதுக்கடைச் சந்தையில் கொழுக்கட்டை அவிக்கத் தெரளி இலை வாங்கினேன். வீட்டில் வந்து கட்டைப் பிரித்ததும் அந்த வாசம் எழும்பியது. சொன்னால் புரியாது, மோந்துதான் பார்க்க வேண்டும். எனக்குக் கொழுக்கட்டை ஞாபகம் வரவில்லை. நான் பாடம் எடுத்த ஏழாம் வகுப்பு ஞாபகம் வந்தது.

வளரறி மதிப்பீடு புதிதாக வந்திருந்த காலம். பரீட்சை மட்டும் போதாது, பிள்ளைகள் குழுவாக ஏதாவது செய்ய வேண்டும், நாம் கூடவே இருந்து கவனித்து மதிப்பெண் போட வேண்டும் என்று பயிற்சியில் சொன்னார்கள். எனக்கு வேலையில் இரண்டாம் வருடம். உங்களிடம் சொல்ல என்ன, பிள்ளைகளைவிடப் பதிவேட்டைத்தான் அதிகம் கவனித்தேன். ஒரு கட்டம் காலியாக இருந்தால் சோறு இறங்காது.

அறிவியலுக்கு, இலைகளைத் தாளுக்குள் அழுத்திக் காயவைத்து ஒட்டும் இலைத் தொகுப்பு. ஐந்து பேர் ஒரு குழு. வீட்டில் பெரியவர்கள் செய்து கொடுத்துவிடுவார்கள் என்று, எல்லாம் வகுப்பிலேயே நடக்க வேண்டும் என்று கறாராகச் சொல்லியிருந்தேன்.

பிபிஷாவின் குழுவில் ஷைனிக்கு மஞ்சள்காமாலை. மூன்று வாரமாகப் பள்ளிக்கு வரவில்லை. ஆனால் தொகுப்பின் அட்டையில் அவள் பெயர்தான் முதலில் இருந்தது. குழுவில் ஒருவருக்கொருவர் மதிப்பெண் போடச் சொன்னபோது, மற்ற நாலு பேரும் அவளுக்குப் பத்துக்குப் பத்து போட்டிருந்தார்கள்.

"வராத பிள்ளைக்கு எதுக்குட்டி பத்து?" என்றேன் பிபிஷாவிடம்.

சிவப்பு மையால் ஷைனியின் பெயரை அடித்தேன். பிபிஷா அட்டையையே பார்த்து நின்றாள், கண் நிறைந்துவிட்டது. எனக்கோ நியாயமாக நடந்துகொண்ட திருப்தி.

சனிக்கிழமை இளநீர் வாங்கிக்கொண்டு ஷைனியைப் பார்க்கப் போனேன். அவளை எழுப்பி உட்காரவைத்து, அவள் அம்மா பாயைத் தூக்கினாள். அடியில் செய்தித்தாள்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஓர் இலை: அயினி, புன்னை, தெரளி.

"கூடப் படிக்கிற பிள்ளைங்க சாயங்காலம் பச்ச இலை கொண்டு வந்து தரும் டீச்சர்," என்றாள் அம்மா. "இவ அதுக்க மேலதான் கெடப்பா. பெரண்டு படுக்கச் சொன்னா, இலை சுருண்டு போவும்னு சொல்லுவா. காஞ்சத அதுங்க வந்து எடுத்துட்டுப் போவும்."

ஷைனி பயந்துபோனாள். "வீட்டுல வச்சு செய்யப்பிடாதுன்னு சொன்னியளாம். நான் ஒண்ணும் செய்யல்ல டீச்சர். இலைக்க மேல சும்மா கெடந்தேன்."

இளநீரை யார் கையில் கொடுத்தேன் என்றுகூட ஞாபகமில்லை.

திங்கட்கிழமை, அடித்த பெயருக்குப் பக்கத்திலேயே அதை மறுபடி எழுதி, பத்து போட்டேன். "அண்ணைக்கே ஏம்ட்டி சொல்லல்ல?" என்று பிபிஷாவைக் கேட்டேன்.

"சொன்னா, அவ காயவச்ச இலை ஒண்ணும் செல்லாதுன்னு சொல்லியிருப்பிய."

சொல்லியிருப்பேன்.

அந்த ஐந்து பேரும் ஒரே ரோட்டில் நடந்து வந்தவர்கள். போகிற வழியில் ஒரு வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பது அவர்களுக்குப் பெரிய காரியமே இல்லை. பிறகு பள்ளியில் பிள்ளைகள் வருடாவருடம் குறைந்து, ஏழாம் வகுப்பே இல்லாமல் ஆயிற்று. இப்போது காலையில் அதே ரோட்டில் நிறம் நிறமாகப் பள்ளி வேன்கள் வருகின்றன. அடுத்தடுத்த வீட்டுப் பிள்ளைகள் வேறு வேறு வேனில் ஏறிப் போகிறார்கள். ஒருத்தி மூன்று வாரம் படுத்துக் கிடந்தால், அவளுடைய வேன் அந்த வாசலில் நிற்காமல் போகும், அவ்வளவுதான்.