நான்காவது ஸ்டாண்டுக்கு இடம்

வானதிக்கு நாற்பத்தேழு வயது. இருபத்திரண்டு வருடங்களாக அவள் பார்த்துவந்தது ஒரே வேலைதான். யாரோ எழுதித் தந்த கேள்விகளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதிவர வேண்டும். எத்தனை வீட்டில் கழிப்பறை இருக்கிறது, எத்தனை வீட்டில் பசுமாடு இருக்கிறது, தேங்கிய தண்ணீரில் கொசுப்புழு இருக்கிறதா என்று பாபநாசத்திலிருந்து முத்துப்பேட்டை வரை அவள் கேட்காத கேள்வி இல்லை. எல்லாம் ஆறு மாதம், எட்டு மாதம் என்று வருகிற ஒப்பந்த வேலைகள். ஒன்று முடிந்ததும் அடுத்ததைத் தேட வேண்டும். கணவன் இளையபெருமாள் அறுவடை மிஷின் ஓட்டுபவன். அறுப்பு நடக்கும் ஊரெல்லாம் போவான், வீட்டில் இருக்கும் நாட்கள் குறைவு.

இந்த முறை வந்தது சைக்கிள் வேலை. தஞ்சாவூரில் ஒரு கம்பெனி வாடகை சைக்கிள் விட்டிருந்தது. ஒரு ஸ்டாண்டில் செல்போனைக் காட்டி சைக்கிளை எடுக்கலாம், போன இடத்தில் இருக்கும் இன்னொரு ஸ்டாண்டில் பூட்டிவிட்டுப் போகலாம். ஏற்கனவே பன்னிரண்டு ஸ்டாண்டு இருந்தது. புதிதாக நான்கு வைக்க வேண்டும். எங்கே வைப்பது என்பதைச் சென்னையில் கம்ப்யூட்டர் வரைபடம் பார்த்து நான்கு புள்ளிகளாகக் குறித்து அனுப்பியிருந்தார்கள். ஒவ்வொரு புள்ளியிலும் மூன்று நாள், காலையில் நான்கு மணி நேரம், சாயங்காலம் நான்கு மணி நேரம் நின்று போகிற வருகிறவர்களை வானதி எண்ண வேண்டும். இடத்தை டேப் பிடித்து அளக்க வேண்டும். எதிரே கடையோ வீடோ இருந்தால் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்து வாங்க வேண்டும்.

எண்ணுவதும் அளப்பதும் பெரிய காரியமில்லை. கையெழுத்துதான் அவளை வாட்டி எடுத்தது.

"ரொம்ப நல்ல திட்டம்மா" என்று எல்லோருமே சொன்னார்கள். பேனாவை நீட்டினால், "நம்ம வாசல்ல மட்டும் வேண்டாமே" என்றார்கள். மருந்துக்கடைக்காரர் எதிர்ச்சாரியைக் காட்டினார். எதிர்ச்சாரி ஜெராக்ஸ் கடைக்காரி மருந்துக்கடையைக் காட்டினாள். நடுவில் வெயிலில் நின்றுகொண்டு, இடது முழங்கால் விண் விண்ணென்று தெறிக்க, வானதி இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள்.

கீழவாசல் பக்கம் இரும்புக்கடை வைத்திருந்த அப்துல் ரஹ்மானிடம் அவள் ஒன்பது முறை நடந்தாள். மண்வெட்டி, வாளி, மருந்தடிக்கும் மிஷின் என்று கடையின் பாதிச் சரக்கு வெளியேதான் இருந்தது. ஸ்டாண்டு வந்தால் அதையெல்லாம் உள்ளே இழுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அவர் ஸ்டூலை எடுத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்து, முடியாது என்று சொல்லி அனுப்பினார். ஒன்பதாவது முறை அவள் எதுவும் கேட்கவில்லை. உட்கார்ந்து தண்ணீரைக் குடித்துவிட்டு முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். எழுந்திருக்கவும் தோன்றவில்லை.

அப்துல் ரஹ்மான் கல்லாவிலிருந்து பேனாவை எடுத்தார். "பேப்பரைக் கொடும்மா. நீ நடக்கிறதைப் பார்த்தா எனக்குக் கால் வலிக்குது" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மூன்று இடம் முடிந்தது. நான்காவது புள்ளி அரண்மனைக்குப் பின்னால் இருக்கும் ஒரு திடலில் விழுந்திருந்தது. சுற்றுலா வருபவர்கள் நிறையப் பேர் எடுப்பார்கள் என்பது வரைபடத்தின் எண்ணம். வானதி மூன்று நாள் நின்று பார்த்தாள். வேன் வரும், ஆட்கள் இறங்கிப் பார்ப்பார்கள், அதே வேனில் ஏறிப் போய்விடுவார்கள். சைக்கிள் வேண்டும் என்று சொன்னவர்கள் மூன்று நாளில் பதினோரு பேர்.

மேலதிகாரி அரவிந்தனுக்குப் போன் போட்டுச் சொன்னாள். அவனுக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்காது. மரியாதை தெரிந்தவன்.

"அப்ப வேற எங்க வைக்கலாம்? நீங்களே ஒரு இடம் சொல்லுங்கக்கா" என்றான்.

இத்தனை வருடத்தில் வானதி கேட்டுப் பழகியவள். அவளிடம் யாரும் கேட்டதில்லை.

"நாளைக்குச் சொல்றேன் சார்" என்று போனை வைத்தாள்.

சாயங்காலம் பஸ்ஸில் போகும்போதே இடம் மனதில் வந்துவிட்டது. அவள் இறங்கும் நிறுத்தம்தான். அங்கிருந்து வயலை மனையாக்கிய முல்லை நகருக்கு வாய்க்கால் கரையோடு இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். துணிக்கடையில் பகல் முழுக்க நின்ற பெண்கள், ஆஸ்பத்திரி ஆயாக்கள், ஓட்டலில் பாத்திரம் தேய்ப்பவர்கள் எல்லோரும் அந்த ரோட்டில்தான் நடந்தார்கள். அவளும் நடந்தாள். சொந்தத் தெருவுக்கு இழுத்துக்கொண்டாள் என்று நாளை யாராவது சொல்வார்களோ என்பது ஒன்றுதான் உறுத்தியது. அதனால் மறுநாள் போனில் இடத்தை மட்டும் சொல்லிவிட்டு, மற்ற இடங்களில் நின்றதைவிட இரண்டு நாள் கூடுதலாக நின்று எண்ணினாள். காலையில் மட்டும் ஒரு நாளைக்கு நூற்று நாற்பது பேருக்குக் குறையவில்லை.

அரவிந்தன் மோட்டார் சைக்கிளில் வந்து பார்த்தான். ரோட்டின் நீளத்தையும் பார்த்தான்.

"இடம் நல்ல இடம்தான். ஆனா இங்க எடுத்தா எங்கக்கா விடுவாங்க?"

"வீட்டுக்குத்தான் போவாங்க சார்."

"வீட்டு வாசல்ல பூட்ட முடியாதே. அந்த முனையிலயும் ஒரு ஸ்டாண்டு இருந்தாத்தான் இது ஓடும். ரெண்டு வேணும். நம்மகிட்ட இருக்கிறது ஒண்ணு."

வானதி வாய்க்கால் மதகின் கட்டையில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாள் எண்ணியும் இது தோன்றவில்லையே என்று தன்மேலேயே எரிச்சலாக வந்தது. கையிலிருந்த அட்டையில் செருகிய கணக்குத் தாள்களைப் புரட்டினாள். புதிதாகத் தேர்வான மூன்றில் இரும்புக்கடை வாசல் மட்டும் தனியாகத் தெரிந்தது. அதற்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஐந்து நிமிட நடையில் பழைய ஸ்டாண்டுகள் இருந்தன. அது இல்லாவிட்டாலும் யாருக்கும் குறையில்லை. ஆனால் அந்த ஒரு கையெழுத்துக்குத்தான் அவள் அதிகம் அலைந்திருந்தாள்.

"கீழவாசல் இரும்புக்கடையை எடுத்துடுங்க சார். அதை இங்க கொண்டாந்துடலாம்."

"நிஜமாவா? அந்தக் கையெழுத்துக்கு எவ்வளவு அலைஞ்சீங்க."

"அலைஞ்சது போகட்டும். எடுத்துடுங்க."

மறுநாள் அவளே போய் அப்துல் ரஹ்மானிடம் சொன்னாள். போனில் சொல்லியிருக்கலாம். மனம் வரவில்லை. கடை வாசல் சுத்தமாக இருந்தது. வாளிகளையெல்லாம் உள்ளே அடுக்கி, மண்வெட்டிகளுக்குச் சுவரில் புதிதாக இரும்புப் பட்டை அடித்திருந்தார்.

"ஒன்பது தடவை வந்து கேட்டே. நானும் கொடுத்தேன். இப்ப வேண்டாம்னா என்னம்மா அர்த்தம்?"

"தப்புத்தான் பாய். மொதல்லயே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

அன்று அவர் ஸ்டூல் போடவில்லை. அவள் நின்றுவிட்டு வந்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபோது கண் கலங்கியது. அது அவருக்காகவா, காலுக்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை.

இரண்டு மாதத்தில் நிறுத்தத்தில் ஒன்றும் முல்லை நகர் முனையில் ஒன்றுமாக ஸ்டாண்டுகள் வந்தன. துணிக்கடைப் பெண்கள் முதல் வாரமே பழகிக்கொண்டார்கள். காலை ஏழு மணிக்கெல்லாம் நகர் முனையில் ஒரு சைக்கிளும் இருக்காது. எல்லாம் நிறுத்தத்தில் போய் நிற்கும். சாயங்காலம் திரும்பி வரும். கம்பெனி லாரி வந்து ஏற்றி இறக்க வேண்டிய தேவையே இல்லை என்று அரவிந்தன் சந்தோஷமாகச் சொன்னான்.

ஆனால் ஆஸ்பத்திரி ஆயா ஞானாம்பாள் நடந்துதான் வந்தாள்.

"எனக்கு ஓட்டத் தெரியாதே வானதி. போனும் பட்டன் போன். யாரை வெச்சு எடுக்கிறது?"

வானதி எண்ணியபோது ஞானாம்பாளும் தாளில் போட்ட ஒரு கோடுதான். ஓட்டத் தெரியுமா என்ற கேள்வி படிவத்தில் இல்லை. அவளும் சேர்த்துக் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தானே ஒரு சைக்கிளை எடுத்துப் பார்த்தாள். நாலு மிதி மிதித்ததும் முழங்கால் மடங்க மறுத்தது. இறங்கி, தள்ளிக்கொண்டு போய்ப் பூட்டினாள். அன்று முதல் சாயங்காலங்களில் அவளும் ஞானாம்பாளும் பேசிக்கொண்டே நடந்தார்கள். பின்னால் மணிச் சத்தம் கேட்டால் ஓரமாக ஒதுங்கிக்கொண்டார்கள்.

இடம் பார்க்கும் வேலை முடிந்ததும் ஒப்பந்தமும் முடிந்தது. அரவிந்தன் ஒரு நல்ல சான்றிதழ் எழுதிக் கொடுத்தான். அடுத்த மாதம் ஒரத்தநாடு பக்கம் கறவை மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டார்களா என்று வீடு வீடாகக் கேட்கும் வேலை கிடைத்தது. முதல் நாள் காலை ஆறே காலுக்கு, புதிய படிவங்கள் நிறைந்த பையை மடியில் வைத்துக்கொண்டு வானதி பஸ்ஸில் உட்கார்ந்தாள். நடத்துநர் சீட்டுக் கிழித்துக் கொடுப்பதற்குள் தூங்கிப்போயிருந்தாள்.