செந்நூல் கட்டிய பக்கம்

2017 நவம்பர் 4 – வேலியில் இடைவெளி, அகலம் 2.40 மீ.
2017 நவம்பர் 18 – கன்று 1, உயரம் 1.42 மீ.
2018 மே 6 – இலைகள் 61.
2018 ஜூலை – மழை 9 மி.மீ., ஊற்றிய தண்ணீர் 310 லி.
2018 ஆகஸ்ட் 7 – பட்டையில் வெடிப்பு, 17 செ.மீ.
2018 ஆகஸ்ட் 30 – அதே வெடிப்பு, 41 செ.மீ.
2019 மே 19 – இலைகள் 44.

எவால்ட் மாத்தாரின் குறிப்பேட்டில் அந்த பீச் கன்றைப் பற்றி எழுதியிருந்தது இவ்வளவுதான். அணைக்கட்டில் முப்பத்தேழு வருடம் மழைமானி பார்த்தவர் அவர். 'சுமார்' என்ற சொல் அவர் கையெழுத்தில் ஒரு இடத்திலும் கிடையாது. பார்த்ததை எழுதாமல் விட்டதும் கிடையாது, ஒரே ஒரு தேதியைத் தவிர.

ஐஃபெல் என்ற மலைமேட்டில் காற்று மேற்கிலிருந்து வரும். வந்தால் மூன்று நாள் ஓயாது. அதனால் அங்கே ஒவ்வொரு வீட்டின் மேற்குப் பக்கத்திலும் கூரை உயரத்துக்கு பீச் வேலி நிற்கும். பழம் தருகிற பீச் இல்லை இது; வேலிக்கும் அடுப்புக்கும் மட்டுமே ஆகிற காட்டு மரம். இலை பழுத்துக் காய்ந்தாலும் குளிர்காலம் முழுக்க உதிராமல் கிளையிலேயே நிற்கும் என்பதால் பனியிலும் வேலி வேலியாகவே இருக்கும். மாத்தார் வீட்டு வேலியில் 2017 அக்டோபர் புயல் மூன்று மரங்களைச் சாய்த்தது. காற்று நேராக அவர் மனைவி ரேஸியின் சமையலறை ஜன்னலில் வந்து மோதியது.

"என்ன எவால்ட், உன் வேலிக்கு முன்பல் விழுந்துடுச்சா? சிரிச்சா காத்து வருது" என்றான் பக்கத்து வீட்டு லேயோ.

"உன் வாயை மூடு, பாதிக் காத்து நின்னுடும்."

"கடையில நல்ல கன்னா ஒண்ணு வாங்கிப் போடேன்."

ரேஸி ஜன்னலைத் திறந்து, "கடைக் கன்னா? எங்க அம்மா வீட்டு வேலி மொத்தமும் ஓடைக்காட்டுக் கன்னு. எனக்கு அதுதான் வேணும்" என்றாள். அவள் பிறந்த வீடு ஓடைக்கு அந்தப் பக்கம். வேண்டும் என்று அவள் சொன்னால் அதற்குமேல் பேச்சு இல்லை.

காட்டுக் கன்றைத் தோண்டுவதற்கு ஊரில் ஒரு முறை உண்டு. பீச்சின் பட்டை மெல்லியது. நிழலில் வளர்ந்த பக்கம் வெயிலைத் தாங்காது. ஆகவே மண்வெட்டி வைக்கும் முன் வடக்குப் பக்கத்தில் ஒரு செந்நூல் கட்டுவார்கள். நடும்போது அந்த நூல் வடக்கைப் பார்க்க வேண்டும். ஓடைக்காட்டில் எவால்ட் திசைகாட்டி வைத்துப் பார்த்து, இரட்டை முடிச்சுப் போட்டார். தோண்டி எடுத்ததும், "பிடிச்சுக்கோ, சாய்ச்சிடாத" என்று கன்றைக் கூட வந்த ரேஸியிடம் கொடுத்துவிட்டு, மேலே பாதையில் நின்ற தள்ளுவண்டியை எடுத்துவரப் போனார். போக ஏழு நிமிடம், வர ஏழு நிமிடம். மாலைக்குள் இடைவெளியின் நடுவில் கன்றை நட்டாயிற்று, நூல் வடக்கே.

அடுத்த மே 13, ஞாயிறு. தண்டு பருக்கும் முன் நூலை எடுத்துவிட வேண்டும் என்று எவால்ட் குனிந்தார். முடிச்சு அவருடையது இல்லை. ஷூ கயிறுபோல இரண்டு காது வைத்த முடிச்சு. ஜாம் புட்டிகளின் கழுத்தில் ரேஸி போடுவது. அப்போதுதான் பட்டையைச் சரியாகப் பார்த்தார். காட்டில் வடக்கைப் பார்க்கிற பக்கத்தில்தான் பச்சைப் பாசி படியும். அந்தப் பாசி இப்போது தென்மேற்கைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பின்னால் பெஞ்சில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த ரேஸி கேட்டாள்: "அங்க என்ன இவ்வளவு நேரமா?"

"ஒண்ணுமில்ல. நூலை எடுக்கிறேன்."

கன்றைத் திருப்பி நட முடியாது. அறுபத்தொரு இலை விட்ட பீச்சின் வேரை மே மாதத்தில் அசைத்தால் ஒரு வாரத்தில் செத்துவிடும். அப்படியே விட்டால் எப்போது சாகும் என்பது வெயிலின் கையில் இருந்தது. எவால்ட் நூலைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். அன்றைக்குக் குறிப்பேட்டில் மழையளவு மட்டும் எழுதினார்.

அந்த ஆண்டின் கோடை ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததுதான்: மழையே இல்லாமல் காய்ந்தது. எவால்ட் தண்டுக்குச் சணல் துணி சுற்றினார்.

"காலுறை போட்டுவிட்டிருக்க. ஜலதோஷமா அதுக்கு?" என்றான் லேயோ.

துணிக்குள்ளேயே பட்டை வெடித்தது. தினமும் பத்து லிட்டர், பீப்பாயிலிருந்து வாளியில். ரேஸி பெஞ்சிலிருந்தபடி சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"ஒரு அணையையே அளந்த மனுஷன், ஒரு கன்னுக்கு அளந்து ஊத்தத் தெரியல."

"ஊத்திக்கிட்டுத்தான இருக்கேன்."

"அப்போ ஏன் இப்படி நிக்குது? வேர்ல ஊத்து, காத்துல ஊத்தாத!"

அவர் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். சொல்லியிருக்கலாம். சொன்னால் கன்று பிழைத்துவிடுமா என்ன?

செப்டம்பரில் ரேஸி நிலவறைப் படியில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாள். மகள் குட்ருன் தன் ஊரில், காரில் நான்கு மணி நேரம் வடக்கே, ஒரு பராமரிப்பு இல்லத்தில் இடம் பிடித்தாள். ஒரு கட்டில்தான் காலி. எவால்டின் பெயர் காத்திருப்போர் பட்டியலில், பதினொன்றாவதாக. காரில் ஏறும்போது ரேஸி சொன்னாள்: "கன்னு தளிர் விட்டதும் எழுது. குட்ருன் கூட்டிட்டு வருவா. ரெண்டு நாள் வீட்ல இருந்துட்டுப் போறேன். பட்டுப்போன குச்சியைப் பாக்க நாலு மணி நேரம் கார்ல உக்கார மாட்டேன், சொல்லிட்டேன்."

ரேஸிக்குத் தொலைபேசியில் காது கேட்காது. ஆகவே வாரந்தோறும் கடிதம். 'கன்று எப்படி?' என்று ஒவ்வொன்றிலும் கேட்டாள். 'இலைகள் இருக்கின்றன' என்று எவால்ட் எழுதினார். உண்மைதான். வேலி முழுக்கவே காய்ந்த இலை இருந்தது. மார்ச்சில் மூன்று தடவை கட்டைவிரல் நகத்தைப் பட்டையில் வைத்தார். கீறினால் உள்ளே பச்சையா பழுப்பா என்று தெரிந்துவிடும். மூன்று தடவையும் கையை எடுத்துக்கொண்டார்.

ஏப்ரல் கடைசியில் மொட்டுகள் தள்ளத் தள்ள வேலி பழைய இலையைச் சலசலவென்று உதிர்த்தது. பத்து நாளில் முழுப் பச்சை. இடைவெளியின் நடுவில் மட்டும் ஒரு பழுப்பு. மே 18 அன்று எவால்ட் கீறினார். லேயோ வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தான். கேலி செய்யவில்லை.

"எவால்ட், என் கொல்லையில ஒண்ணு இருக்கு. தொட்டியில வளர்ந்தது, எப்ப வேணா நடலாம். உயரமும் அதே உயரம். ரேஸிக்கு என்ன தெரியப்போகுது? வந்து பாத்துட்டுப் போகட்டுமே."

"எழுத வேண்டியது நானாச்சே."

"எழுதாத. வரச் சொல்லு, அவ்வளவுதான்."

எவால்ட் நகத்தைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். இரண்டையும் அவரால் செய்ய முடியவில்லை. வேறு கன்றை நட்டு ஏமாற்றவும் முடியவில்லை, செத்துவிட்டது என்று எழுதவும் கை வரவில்லை. மறுநாள் எண்ணிப் பார்த்து எழுதினார்: 'இலைகள் இருக்கின்றன. நாற்பத்துநான்கு.'

மே 31, வெள்ளி. காலையில் குட்ருன் கூப்பிட்டாள். நுரையீரலில் சளி, மூச்சு சரியில்லை, உடனே வாங்கப்பா. எவால்ட் பிற்பகல் ரயிலைப் பிடித்தார். இரண்டாவது ரயில் மாறும்போதே எல்லாம் முடிந்துவிட்டது. அடக்கம் சொந்த ஊரில், வியாழக்கிழமை என்று முடிவாயிற்று. கறுப்புக் கோட்டை எடுத்து வைக்க அவர் முன்னதாக வீடு திரும்பியபோது தபால் பெட்டியில் ஒரு உறை இருந்தது. உள்ளே மே 28 என்று தேதி. நடுவில் விடுமுறை வந்ததால் தாமதமாகக் கிளம்பிய கடிதம். நின்றபடியே படித்தார்.

'எவால்ட், இலை இருக்குன்னு எழுதியிருக்க. மே பத்தொன்பதுலயும் தளிர்னு எழுதாம இலைன்னு எண்ணி எழுதினா அது பழைய இலை. நான் பீச் வேலிக்குப் பின்னாடி பொறந்தவ, என்கிட்டயா?

நூலை அவுத்தது நான்தான். பட்டையை அறுக்குற மாதிரி இருந்துச்சு. அப்புறம் எந்தப் பக்கம்னு பாக்காம கட்டிட்டேன். நீ அதை அவுத்த அன்னிக்கு உன் முதுகைப் பாத்தே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. திட்டுவ, திட்டுவன்னு கோடை முழுக்கக் காத்திருந்தேன். நீ திட்டவே இல்ல. அதான் தண்ணி ஊத்தத் தெரியலன்னு நான் உன்னைத் திட்டிக்கிட்டே இருந்தேன்.

அதைப் பிடுங்கி அடுப்புல வை. நல்லா எரியும். பச்சையே இல்லாட்டியும் பரவால்ல. வந்து என்னைக் கூட்டிட்டுப் போ.'

எவால்ட் உள்ளே போய்க் குறிப்பேட்டை எடுத்தார். பழைய இரண்டு வரிகளுக்கு நடுவே இருந்த இடத்தில் நுணுக்கி எழுதினார்: 2018 மே 13 – நூல் வடக்கு, பாசி தென்மேற்கு. பிறகு கடைசிப் பக்கத்துக்கு வந்தார்.

2019 ஜூன் 4 – கடிதம் 1, வந்தது.