மஞ்சள் பூசிய மண் உருண்டைகள்

கூலாய் ஊரில் செசிலியாவின் வீட்டுக்குப் பின்னால் ஓடும் சிற்றாறு, பெருமழை பெய்தால் சமையலறை வாசல் வரை வரும். ஒருமுறை வந்து வடிந்தபோது பிளாஸ்டிக் பைகளோடு யாருடைய உள்பாவாடையையோ அவளுடைய துளசித் தொட்டிமேல் போர்த்திவிட்டுப் போயிருந்தது. அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கோயில் வாசலில் மாதர் சங்கத்துப் பெண்களை நிறுத்தினாள்.

"சனிக்கிழமை எல்லாரும் கையுறை போட்டுக்கிட்டு எங்க வீட்டுக்குப் பின்னாடி வாங்க. சாப்பாடு நான் போடறேன்."

செனாய்த் தொழிற்சாலை ஒன்றில் லைன் லீடராக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் குரலுக்கு ஆட்கள் வருவார்கள். வந்தார்கள்.

ஓராண்டு பொறுக்கிய பிறகுதான் உறைத்தது, மேலே இருந்து வருவதைக் கீழே நின்று பொறுக்கித் தீராது என்று. ஆறு செம்பனைத் தோட்டத்து மேட்டில் தொடங்கி, மேல் தாமான் குடியிருப்பைச் சுற்றி, சந்தைக்குப் பின்புறமாக, சுராவ் என்னும் தொழுகைக்கூடம் இருக்கும் மலாய்க் கிராமமான கம்பத்தைத் தாண்டிக் கடைசியில்தான் செசிலியாவிடம் வருகிறது. அவள் ஒவ்வோர் இடமாக ஏறி இறங்கினாள். கம்பத்திலிருந்து, எல்லாருக்கும் ‘கக்’, அதாவது அக்காவான, கக் ரொஹானி அங்குள்ள பெண்களோடு வந்தார். சந்தைக் கடைக்காரர்கள் சார்பில் திரு. லிம் வந்தார். மாதம் ஒருமுறை பாலாய் ராயா என்ற ஊர்ப் பொதுக்கூடத்தில் கூடி, பழைய எண்ணெயை யார் லோங்கான் சாக்கடையில் ஊற்றுகிறார்கள், எந்த மதகில் குப்பை அடைத்திருக்கிறது, கரையில் எங்கே மரம் வைப்பது என்று பேசத் தொடங்கினார்கள். மேல் தாமான் அம்மன் கோயில் மாதர் குழு மட்டும் பாக்கி இருந்தது. அவர்களை அழைக்கவும் செசிலியாவேதான் போனாள்.

அங்கே கிடைத்தவள் ஷாமளா. நாற்பதை ஒட்டிய வயது. வீட்டில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பவள். முதல் கூட்டத்திலேயே எல்லாருடைய பெயரையும் மனத்தில் வாங்கிக்கொண்டாள். இரண்டாவது கூட்டத்தில் கக் ரொஹானி அவளுக்காகப் பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்து இடம் பிடித்திருந்தார். செசிலியாவுக்கு யாரும் என்றும் இடம் பிடித்ததில்லை. அவள்தான் நாற்காலிகளையே எடுத்துப் போடுகிறவள்.

"நேத்து வந்தவ, எல்லாரும் அவ மூஞ்சியப் பாத்துத்தான் பேசறாங்க," என்றாள் கணவரிடம்.

கிரகோரி சிங்கப்பூருக்குத் தொழிலாளர் பஸ் ஓட்டுகிறவர். மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். "நீ பேசும்போது அவங்க தரையப் பாக்கறாங்க. பயம்லா, செசி."

"நான் என்ன கடிச்சா வைக்கிறேன்?"

"இன்னும் இல்ல."

அந்த ஆண்டு ஆற்றைப் பார்க்கும் இலாகா ஒரு செய்தி அனுப்பியது. இனிமேல் நாலு குழுவிடமும் தனித்தனியாகப் பேச முடியாது, மேட்டிலிருந்து கடைசி வரை ஆற்றுக்கு ஒரே ஒருங்கிணைப்பாளர் வேண்டும், நீங்களே தேர்ந்தெடுத்துச் சொல்லுங்கள் என்று. அது தனக்குத்தான் என்பதில் செசிலியாவுக்குச் சந்தேகமே இல்லை, மண் உருண்டைப் பேச்சு வரும் வரை.

செம்மண், தவிடு, நுண்ணுயிர்த் திரவம் மூன்றையும் பிசைந்து டென்னிஸ் பந்து அளவுக்கு உருட்டி, நிழலில் காயவைத்து ஆற்றில் போட வேண்டும். அடிச்சேற்றின் நாற்றத்தை அது தின்னும். எப்போதும் எல்லாரும் உருட்டிக் கொடுப்பார்கள், காய்வது செசிலியாவின் கார் போர்ச்சில். சாக்கால் மூடிவைப்பாள். சாக்கைத் தூக்கிப் பார்க்க வேறு யாரையும் விட்டதில்லை. இந்த முறை நாலு குழுவும் சேர்ந்து செய்வதால் உருண்டைகள் ஏராளம். "ஷாமளா வீட்டு போர்ச் பெரிசு, அங்கேயே காயட்டும்," என்றார் லிம். கக் ரொஹானி தலையாட்டினார். செசிலியாவும் ஆட்டினாள். வேறென்ன செய்வது.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, சும்மா அந்தப் பக்கம் வந்தது போல ஷாமளா வீட்டுக்குப் போனாள்.

"வாங்கக்கா, நல்ல நேரத்துக்கு வந்தீங்க." ஷாமளா சாக்கின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினாள். "இதப் பாருங்களேன். எல்லாத்துலயும் வெள்ளையா பூசணம். கெட்டுப் போச்சாக்கா?"

பஞ்சு போல, மெத்தென்று, ஒன்று விடாமல் எல்லா உருண்டையிலும் பூத்திருந்தது. செசிலியாவின் போர்ச்சில் இவ்வளவு அழகாக ஒருநாளும் பூத்ததில்லை. அந்த வெள்ளைதான் உயிர். அது வந்தால்தான் உருண்டை வேலை செய்யும். ஒரு வார்த்தை போதும்.

"உன் பொறுப்புல விட்டாங்க. நான் என்னத்தச் சொல்றது?" என்றாள்.

"இல்லக்கா, ஆத்துல விடறதுக்கு முன்னாடி அம்மன்கிட்ட வச்சுக் கும்பிட்டு எடுத்துட்டுப் போலாம்னு இருக்கோம். பூசணத்தோட எப்படி அம்மன் முன்னால வைக்கிறது?"

"அது உங்க வழக்கம். எனக்குத் தெரியாதும்மா."

காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். வழியெல்லாம் சந்தோஷம் மாதிரித்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டாள்.

நாலு குழுவும் சேர்ந்து உருண்டைகளை ஆற்றில் விடும் விழாவுக்கு முந்தின சனிக்கிழமை எல்லாரும் ஷாமளா வீட்டில் கூடினார்கள். உருண்டைகளைப் பார்த்துவிட்டு, ஒருங்கிணைப்பாளரையும் அங்கேயே தேர்ந்தெடுத்துவிடுவதாக ஏற்பாடு. சாக்கை விலக்கினாள் ஷாமளா. கோயில் பெண்கள் ஒவ்வொன்றையும் துணியால் துடைத்து, மஞ்சள் நீர் பூசி, வெயிலில் வைத்து எடுத்திருந்தார்கள். தாம்பாளத்தில் வைத்த லட்டு போல வரிசை வரிசையாக, பளிச்சென்று.

கக் ரொஹானி ஒன்றை எடுத்து மோந்து பார்த்தார். "அலமாக், போச்சே," என்றார் மெதுவாக. பொந்தியானில் இருக்கும் அவருடைய தங்கையும் இதே போல உருண்டை செய்கிறவள். வெள்ளைப் பூசணத்தைத் துடைத்து, மஞ்சளையும் பூசி, வெயிலிலும் வைத்தால் உள்ளே ஒன்றும் மிஞ்சாது, இது வெறும் மண் என்றார்.

கோயில் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். லிம் தொண்டையைச் செருமினார். விழாவைத் தள்ளிவைக்க வேண்டும், இலாகாவுக்குச் சொல்ல வேண்டும், இவ்வளவு பேர் உழைப்பும் வீண். யாரிடமாவது கேட்டிருக்கலாமே என்றார் மலாயில்.

இப்போது ஷாமளா சொல்லப் போகிறாள், செசிலியா அக்காவைக் கேட்டேன் என்று.

"தப்பு என்னுதுதான்," என்றாள் ஷாமளா. "யாரையும் கேக்காம நானே செஞ்சுட்டேன். மன்னிச்சிடுங்க."

செசிலியாவின் பக்கம் அவள் கண்கூடத் திரும்பவில்லை.

உடனே லிம் சொன்னார், அப்படியானால் ஒருங்கிணைப்பாளர் வேலைக்கு அனுபவம் உள்ளவர்தான் சரி, செசிலியாவே பார்க்கட்டும் என்று. யாரும் மறுக்கவில்லை. எத்தனையோ நாள் மனத்துக்குள் ஒத்திகை பார்த்த காட்சி. அதில் அவள் இரண்டு வார்த்தை பேசுவாள், கைதட்டுவார்கள். ஆனால் போர்ச்சில் இருந்த எல்லாரும் ஷாமளாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கக் ரொஹானி அவள் தோளில் கைவைத்து, "பரவாயில்லலா," என்றார். தப்புச் செய்து நிற்கும்போதும் அவளுக்குத்தான் ஒரு கை கிடைக்கிறது. போதாததற்கு, தன்னைக் காப்பாற்றியும் விட்டாள். இந்தப் பதவி இனி அவள் போட்ட பிச்சை. ஒவ்வொரு கூட்டத்திலும் எதிரே உட்கார்ந்து அக்கா, அக்கா என்று சிரிப்பாள்.

அதை மட்டும் செசிலியாவால் தாங்க முடியாது.

"அவ என்கிட்ட கேட்டா," என்று மலாயில் சொன்னாள். தமிழில் சொன்னால் ஷாமளாவைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். "பூசணத்த எனக்குக் காட்டினா. நல்லதுன்னு எனக்குத் தெரியும். சொல்லல."

"ஏன்?" என்றார் லிம்.

"சொல்லத் தோணல."

எல்லாருக்கும் புரிந்தது. லிம் தன் கைப்பேசியைப் பார்க்கத் தொடங்கினார். கோயில் பெண்களில் ஒருத்தி, "நாங்க கை வலிக்க வலிக்கத் துடைச்சோம்," என்று யாரையும் பார்க்காமல் சொன்னாள். கடைசியில் கக் ரொஹானிதான் பேசினார். ஆற்றின் தலைமாட்டில் நடப்பது கால்மாட்டுக்குத் தெரிய வேண்டும், அதற்குத்தானே இந்தக் கூட்டமே, தெரிந்ததைச் சொல்லாதவர் ஒருங்கிணைப்பாளராக இருந்து என்ன பயன் என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. கை தூக்கச் சொன்னபோது ஷாமளாவுக்குத்தான் தூக்கினார்கள். செசிலியாவும் தூக்கினாள், முழங்கை உயரத்துக்கு.

அன்றிரவு கிரகோரி கேட்டார். "போச்சா?"

"போச்சு."

"நீயேவா சொன்ன?"

"பின்ன அவளே எல்லா நல்ல பேரையும் எடுத்துக்கிட்டுப் போகட்டுமா?"

கிரகோரி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

மறுநாளே ஷாமளா ஃபோன் செய்தாள். ஒருங்கிணைப்பாளராக அவள் எடுத்த முதல் முடிவு, புது உருண்டைகள் செசிலியாவின் போர்ச்சில் காயட்டும் என்பது. "சாக்க நீங்களே தூக்கிக் காட்டணும்கா. எங்க பொம்பளைங்க எல்லாரும் பாக்கட்டும்." மன்னித்ததாக அவள் சொல்லவில்லை. குரலிலும் பழைய குழைவு சற்றுக் குறைந்திருந்தது. செசிலியாவுக்கு அது ஒருவகையில் ஆறுதலாக இருந்தது.

அடுத்த ஞாயிறு மாலை நாலு குழுவும் அவள் வீட்டுக்கு வந்து செம்மண் பிசைந்தது. ஷாமளா உருட்டிய உருண்டைகள் எல்லாம் ஒரே அளவு. செசிலியா ஒன்றை எடுத்து அமுக்கிப் பார்த்தாள்.

"தவிடு பத்தல. வெடிச்சிடும். இன்னும் ஒரு கை போடு."

"இப்பவாச்சும் சொல்றீங்களே," என்றாள் ஷாமளா. பெண்கள் சிரித்தார்கள். செசிலியா சிரிக்கவில்லை. ஆனால் தவிட்டுச் சட்டியை அவள் பக்கம் தள்ளிவிட்டாள்.

கக் ரொஹானி வாளியோடு வந்து உட்கார இடம் தேடினார். ஷாமளா நகர்ந்து தன் பக்கத்தில் இடம் விட்டாள். அவர் உட்காருவதற்குள் செசிலியா தன் முக்காலியை இழுத்துக்கொண்டுபோய் அந்த இடத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"இங்க உக்காருங்க, கக்," என்று தனக்கு மறுபக்கம் இருந்த இடத்தைக் காட்டினாள்.