கண்ணாடி அக்காவின் இடது கண்

கண்ணாடி அக்கா என்று கேட்டால் தெருவில் யாரும் வழி காட்டுவார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால், "அப்படி யாரும் இங்க இல்லையே" என்பார்கள். மூக்குக்கண்ணாடிக் கடையில், தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள். வட்டமாக வரும் லென்ஸைச் சக்கரத்தில் பிடித்து, பிரேமின் வடிவத்துக்குத் தேய்த்து, பொருத்திக் கொடுப்பது வேலை. தேய்த்து முடித்ததும் துணியால் துடைத்து, விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பாள்.

வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பழக்கம் அவளை விடாது. கழுவிய டம்ளரைத் தூக்கிப் பார்ப்பாள். துவைத்த காலுறையைத் தூக்கிப் பார்ப்பாள். கணவன் ஒருமுறை, "என்னையும் தூக்கிப் பாத்துட்டுத்தான் கட்டிக்கிட்டியா?" என்று கேட்டான். பேக்கரியில் அடுப்படி வேலை அவனுக்கு. விடியுமுன் போய் மத்தியானம் வருவான், வந்ததும் தூங்குவான். பெண் பார்க்கப் போன அன்று அவள் தலையைச் சாய்த்து அவனைப் பார்த்த பார்வையில்தான் விழுந்துவிட்டதாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவான். அவளும் மறுத்ததில்லை.

மறுத்தால் உண்மையைச் சொல்ல வேண்டிவரும். தலை சாய்வதற்குக் காரணம் வெட்கமும் இல்லை, ஒயிலும் இல்லை. அவளுடைய இடது கண் பேருக்குத்தான் கண். வலது கண்ணை மூடினால், சுவரில் இருக்கும் கடிகாரம் ஒரு வெள்ளைத் திட்டு, அவ்வளவுதான்.

சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனை செய்ய ஆள் வந்தது. வகுப்பில் கண்ணாடி போட்ட ஒரு பெண்ணைச் சோடாபுட்டி, சோடாபுட்டி என்று மற்றவர்கள் அழவிட்டதை இவள் பார்த்திருந்தாள். சேர்ந்து கத்தியும் இருந்தாள். அந்தப் பட்டம் தனக்கும் வந்து சேருமே என்ற பயம். வரிசையில் பின்னால் போய் நின்றுகொண்டாள். முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகப் படிக்கப் படிக்க, எழுத்துகள் காது வழியாகவே மனப்பாடம் ஆகிவிட்டன. தன் முறை வந்ததும் இரண்டு கண்ணுக்கும் ஒரே மூச்சில் ஒப்பித்தாள். "நல்ல பார்வை" என்று தட்டிக் கொடுத்து அனுப்பினார்கள். தப்பித்தோம் என்று துள்ளிக் குதித்து வீட்டுக்கு ஓடினாள்.

எதிலிருந்து தப்பினோம் என்பது, கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. சாயங்காலங்களில் கடைக்கு வந்து கண் பார்க்கும் டாக்டரம்மா, யாரோ ஒரு தகப்பனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "ஒரு கண் மந்தமா இருந்தா, நல்ல கண்ணை மூடிவச்சு மந்தமான கண்ணை வேலை வாங்கணும். சின்ன வயசுல செஞ்சா சரியாகும். வளந்துட்டா ரொம்பக் கஷ்டம்." தடுப்புக்குப் பின்னால் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் கையில் இருந்த லென்ஸ் உடைந்தது. கை வழுக்கிவிட்டது என்று முதலாளியிடம் சொன்னாள். அதற்கு மேல் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் கண்ணாடி பொருத்துகிறாள் என்று தெரிந்தால், கடைக்கு எவன் வருவான்? கட்டியவனிடம்கூட மூச்சு விடவில்லை.

மகளுக்கு வீட்டில் வாலு என்று பெயர். பெயருக்குக் குறையில்லாமல் நடந்துகொண்டாள். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கடைக்கு வந்து, தடுப்புக்கு இந்தப் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வாள். எதிரே வெளிச்சப் பெட்டியில் எழுத்துத் தாள் தொங்கும். மேலே பெரிதாக ஒரு ட. அதற்குக் கீழே ப, ம. அப்புறம் ய, ர, ல. போகப் போக எழுத்து சிறிதாகும். வருகிற போகிறவர்கள் எல்லாம் அதைத்தான் படிப்பார்கள். வாலு நடை பழகியதும் அந்தக் கடையில்தான், பேச்சுப் பழகியதும் அங்கேதான். அம்மா என்று சொல்லுமுன் ட என்று சொன்னவள் என்று முதலாளி கேலி செய்வார்.

ஒருநாள் கடையில் ஆள் இல்லை. டாக்டரம்மா பொழுது போகாமல், "வா, உன் கண்ணைப் பாக்கலாம்" என்று வாலுவைக் கூப்பிட்டார். அவள் எழுந்து நின்று, தாளைப் பார்த்தும் பார்க்காமலும், கடைசி வரி வரை மழை கொட்டுவதுபோலக் கொட்டித் தீர்த்தாள். டாக்டரம்மா சிரித்துவிட்டுப் பையிலிருந்து வேறொரு புதுத் தாளை எடுத்து மாட்டினார். வலது கண் தடையில்லாமல் படித்தது. அந்தத் தாளையும் மாற்றிவிட்டு வலது கண்ணை மூடினார். வாலு வாயைத் திறந்தாள், மேலே இருந்த பெரிய எழுத்தே மாறியிருப்பதைக் கண்டு திகைத்தாள், வாயை மூடிக்கொண்டாள். கீழே உள்ளதில் ஒன்றும் வரவில்லை. மெல்லத் தலை மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"ஏன் தலையைச் சாய்க்கிற?"

"எங்கம்மா இப்படித்தான் பாப்பாங்க."

டாக்டரம்மா மறுபடி சிரித்தார். தடுப்புக்குப் பின்னால் அம்மா சக்கரத்தை நிறுத்தினாள்.

வீட்டுக்குப் போனதும் ஆரம்பித்தாளே திட்டு! "இந்த வயசுலேயே பொய்யா? மனப்பாடம் பண்ணி ஊரை ஏமாத்துறியா? கண்ணு போச்சுன்னா கடையில வாங்கிக்குவியா? எங்கிருந்துடி கத்துக்கிட்ட இந்தப் புத்தியை?" தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். இவளுக்கு நன்றாகவே தெரிந்தது. தெரிந்ததால்தான் சத்தம் அவ்வளவு உயர்ந்தது. ஒவ்வொரு வார்த்தையும் முப்பது வருஷம் தாமதமாக, தவறான ஆள்மேல் போய் விழுந்துகொண்டிருந்தது.

தூக்கம் கலைந்து எழுந்து வந்த கணவன் சமாதானம் பண்ணப் பார்த்தான். "தாயைப் போல பிள்ளைன்னு சொல்வாங்க. நீ சின்ன வயசுல பண்ணாததா?"

"நான் இப்படியெல்லாம் பண்ணினதே இல்ல" என்றாள், முகம் மாறாமல். வாலு தலையைச் சாய்த்து அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாலுவுக்குக் கண்ணாடி வந்தது. வலது கண்மேல் ஒட்டிக்கொள்ளத் தோல் நிறத்தில் ஒட்டுத்துணி வந்தது. தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து இருட்டும் வரை ஒட்டியிருக்க வேண்டும். இரண்டு வாரம் எந்தச் சண்டையும் இல்லை. வாலு ஒட்டுத்துணியோடு கதைப்புத்தகம் படித்தாள், படம் வரைந்தாள், மாடிப்படியில் இறங்கி ஓடினாள். கண்ணாடி அக்காவுக்கே ஆச்சரியம். ஒருநாள் குப்பைக்கூடையில் போடப்போன ஒட்டுத்துணியை, கைப்பழக்கத்தில், விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். நடுவில் வரிசையாகக் குண்டூசி ஓட்டைகள். கீழே கிடந்த பழையதை எடுத்தாள். அதிலும் ஓட்டைகள்.

தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி பாய்ந்திருந்தது. கையை ஓங்கிவிட்டாள். அடிக்கவில்லை. ஆனால் ஓங்கிய கையை வாலு பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து ஒட்டுத்துணியைத் தொடவே மாட்டேன் என்று நின்றாள். கெஞ்சினாலும் இல்லை, பிஸ்கட் ஆசை காட்டினாலும் இல்லை. அம்மாவோடு பேச்சும் இல்லை. "இந்த வருஷத்தை விட்டுடாதீங்க" என்று டாக்டரம்மா அழுத்திச் சொல்லி அனுப்பினார். அந்த நாட்களில் கண்ணாடி அக்கா வேலையில் உட்கார்ந்தபடியே அழுதாள். லென்ஸ்மேல் சொட்டினால் துடைத்துக்கொள்ளத் துணி பக்கத்தில் இருந்தது, அந்தமட்டில் வசதி.

விடுமுறை நாள் ஒன்றில், மத்தியானம், வாலு தானாகவே வந்து முன்னால் நின்றாள். "டாக்டர் விளையாட்டு விளையாடலாமா? நான் டாக்டர், நீ பேஷண்ட்."

மகள் பேசினாளே என்ற சந்தோஷத்தில் அவளுக்கு வேறு யோசனையே ஓடவில்லை. "சரிங்க டாக்டர்" என்று நாற்காலியில் உட்கார்ந்தாள். தெருப்பிள்ளைகளுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது என்று கடையில் கழற்றிப்போட்ட பழைய எழுத்துத் தாள், இப்போது அலமாரிக் கதவில் மாட்டியிருந்தது.

"ரெண்டு கண்ணையும் மூடு. நான் சொல்றவரைக்கும் திறக்கக் கூடாது."

மூடினாள். சின்ன விரல்கள் வலது கண் இமைமேல் ஒட்டுத்துணியை அழுத்தி ஒட்டின. ஸ்டூலை இழுக்கும் சத்தம் கேட்டது. காகிதம் சரசரத்தது. "இப்பத் திற. படி" என்றாள் வாலு.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. 'எனக்கு வேலை இருக்கு' என்று எழுந்து போயிருக்கலாம். ஆனால் ஓங்கிய கைக்குப் பிறகு வந்த முதல் பேச்சு இது. எதிரே வெள்ளைத் திட்டு. அதன் உச்சியில் கறுப்பாக, முழங்கை மடித்ததுபோல, ட. அது தெரிந்தது. அதற்குக் கீழே எறும்புக் கூட்டம். பரவாயில்லை, தாள் பழைய தாள்தான். முப்பது வருஷத்துக்கு முன் கைகொடுத்த வித்தை இன்றும் கைகொடுக்கும்.

"ட" என்றாள். "ப, ம. ய, ர, ல. க, வ, ந, ச." கடைசி வரியில் கொஞ்சம் தயங்கவும் செய்தாள், நம்பும்படி இருக்கட்டும் என்று.

வாலு சிரிக்கவில்லை. "எல்லாம் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது டாக்டர்."

"ஒட்டுனதை எடுத்துட்டுப் பாரு."

எடுத்துவிட்டுப் பார்த்தாள். பழைய தாளின்மேல் காலண்டரின் பின்பக்கம் ஒட்டியிருந்தது. மேலே கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக ஒரு ட. அதற்குக் கீழே எழுத்தே இல்லை. இரண்டு பூனை. அடுத்த வரியில் ஒரு குடை, ஒரு பன், ஒரு செருப்பு. அதற்கும் கீழே நான்கு சின்ன முகங்கள், நான்கும் வாயைப் பிளந்துகொண்டு.

"அது யாரு?" என்றாள், முகங்களைக் காட்டி.

"நீதான். திட்டுற."

அப்புறம் வாலு, ஏதோ தொழில் ரகசியத்தைச் சொல்லுவதுபோலச் சொன்னாள்: "மேல இருக்கிற பெரிய எழுத்தை மட்டும் நான் மாத்தல. அது உனக்குத் தெரியும்ல. எனக்கும் அது மட்டும்தான் தெரியும்."

கண்ணாடி அக்கா மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கையும் களவுமாகப் பிடிபட்டதில் இவ்வளவு நிம்மதி இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. பள்ளிக்கூட வரிசையிலிருந்து தொடங்கி, சோடாபுட்டி என்று தானும் கத்தியது, துள்ளிக் குதித்து ஓடியது, கடையில் உடைந்த லென்ஸ் என்று எல்லாவற்றையும் சொன்னாள்.

வாலு கேட்டாள். "உன்னை யாரும் திட்டலியா?"

"யாருக்கும் தெரியாதுடி. திட்ட ஆளே இல்ல." கையிலிருந்த ஒட்டுத்துணியை மடித்தாள். "ஒருத்தராவது பிடிச்சுத் திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்."

"அப்பாவுக்கு?"

"தெரியாது."

"இப்பத் தெரியும்" என்றது அறை வாசலிலிருந்து ஒரு குரல். தூங்கி எழுந்த முகத்தோடு அப்பா நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றானோ. மனைவியையே பார்த்தான். கோபப்படுவானோ என்று அவள் மிரண்டாள். அவனோ தலையைச் சொறிந்துகொண்டு, "அப்ப அன்னிக்குப் பெண் பாக்க வந்தப்ப என்னை ஒரு மாதிரி பாத்தியே, அது?" என்றான்.

"உங்க மூஞ்சி எதுவரைக்கும் இருக்குன்னு பாத்தேன்."

"போச்சு. இத்தனை வருஷம் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே!" என்று அவன் தலையில் அடித்துக்கொண்டதில் வாலு விழுந்து விழுந்து சிரித்தாள். அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மனைவியின் கையை மட்டும் கொஞ்சநேரம் பிடித்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் யாரும் சொல்லாமலே வாலு போய்ப் புது ஒட்டுத்துணி ஒன்றை எடுத்து வந்தாள். ஓட்டை இல்லை என்று விளக்குக்கு நேரே தூக்கி அம்மாவுக்குக் காட்டிவிட்டு, தன் வலது கண்மேல் ஒட்டிக்கொண்டாள். "நீயும் மூடு" என்றாள். அம்மா உள்ளங்கையால் வலது கண்ணை மூடிக்கொண்டாள். இருவருக்கும் தெரியாமல் படம் வரைகிற வேலை அப்பாவுக்கு. மாவு பிசைகிற கைக்குப் படமா வரும்? என்னவோ வரைந்து அலமாரியில் ஒட்டினான்.

"முதல் வரி?"

"வீடு" என்றார்கள் இருவரும்.

"ரெண்டாவது?"

கண்ணாடி அக்காவின் நாக்கு பழக்கதோஷத்தில் எதையோ ஊகித்துச் சொல்லப் பார்த்தது. வாலு முந்திக்கொண்டாள். "தெரியல" என்றாள். சொல்லிவிட்டு, திட்டு வருமோ என்று அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"எனக்கும் தெரியல" என்றாள் அம்மா.

"ரெண்டு பேரும் ஓரடி முன்னாடி வாங்க" என்றான் அப்பா. வந்தார்கள். அம்மா கண்ணை இடுக்கினாள், அகல விரித்தாள். கறுப்புத் திட்டு கறுப்புத் திட்டாகவே இருந்தது. பக்கத்தில் வாலு தலையைச் சாய்க்காமல், கழுத்தை நேராக வைத்துக்கொண்டு, உற்றுப் பார்த்தாள்.

"அம்மா, தெரியுது. உனக்கு?"

"எனக்கு இன்னும் தெரியலடி. நீ சொல்லு."

"மீன்மா" என்றாள் வாலு.